கேண்டீன் கொத்சு

கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். நானும் பார்த்துவிட்டேன். வண்ண வண்ணமாக வட்டம் போட்டு, குடலில் எந்தக் கிருமி ஜாஸ்தி, எது கம்மி, எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் இப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மேடம், எனக்கு முந்திரி ஆகாதுன்னு போட்டுக் குடுத்துட்டானுவோ. அப்ப நான் ஊர விட்டே போயிடட்டுமா?" என்று கேட்டார். அவருக்கு முந்திரி ஒத்துக்கொள்ளத்தான் செய்தது. ராத்திரி பரோட்டாவை நிறுத்தச் சொன்னேன், வயிறு சரியாகிவிட்டது.

கிருமிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. உணவு ஆலோசனைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். சர்க்கரைக்கும் குடல் கிருமிக்கும் சம்பந்தம் உண்டு, மூட்டு வலிக்கு உண்டு, மனசுக்குக்கூட உண்டு என்று கூட்டம் போட்டுப் பேசுகிறீர்கள். சந்தோஷம். நான் சொல்லப்போவது, விதிப்படி எல்லாம் சரியாகச் செய்தும் இன்றைக்கு வரை என் நெஞ்சை விட்டு இறங்காத ஒரு விஷயம். பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருந்தேன். வீடு கடலூரில். தினமும் பஸ்தான். அங்கே குடல் நோய்ப் பிரிவில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் என்றால் அவர்தான். கோபக்காரர், ஆனால் நோயாளியின் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடலூரின் பழைய டவுனான ஓ.டி.யிலிருந்து சவரிமுத்து என்று ஒருவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் காலில் புண், அதற்கு மாசக்கணக்கில் ஆன்டிபயாடிக். கால் ஆறியது, வயிறு போனது. அந்த மருந்து கெட்ட கிருமியோடு சேர்த்து நல்ல கிருமிகளையும் துடைத்து எடுத்துவிட்டது. காலியான இடத்தில் பொல்லாத ஒரு கிருமி குடியேறி, நிற்காத பேதி. மருந்து கொடுத்தால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். ஆள் மின்கம்பம் ஏறிய உடம்பு. வந்தபோது தோலும் எலும்பும்தான்.

இனி மருந்து வேலைக்கு ஆகாது என்று பெரிய டாக்டர் முடிவு செய்தார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை வாங்கி, சோதித்து, கரைத்து வடிகட்டி, குழாய் வழியாக இவர் குடலுக்குள் செலுத்த வேண்டும். அதிலிருக்கும் நல்ல கிருமிகள் உள்ளே போய்க் குடியேறினால் பிழைப்பார். அதை நான்தான் அவரிடம் விளக்கினேன்.

"சீ! இதுக்கு நான் செத்தே போயிடறேன். ஊர்ல தெரிஞ்சா மானம் போயிடும்மா."

அவர் மனைவி ரீத்தாம்மா பக்கத்தில் இருந்தார். "ஆமாமா, இப்ப மட்டும் மானம் அப்படியே கொடி கட்டிப் பறக்குது. எத்தன வேட்டி தொவைக்கிறேன்னு கேளுங்க மேடம்" என்றார். அந்த மனுஷன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். யார் கொடுத்தாலும் சரி, ஆஸ்பத்திரி சோதித்துத் தருவதை ஏற்றுக்கொள்கிறேன் என்று.

கொடுக்க ஆள் வேண்டுமே. ரீத்தாம்மாவுக்கும் சர்க்கரை. மகன் துபாயில். சொந்தக்காரர்கள் இரண்டு பேர், விஷயம் என்னவென்று கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு காலை வேளை என் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார்.

"மேடம், சவரிமுத்தோட தம்பி நான். ஆரோக்கியதாஸ். இந்த ஊர்லதான் வேன் ஓட்டுறேன். எங்க சர்ச்சுப் பங்குல ஒருத்தரு சொன்னாரு. நான் குடுக்கறேன். ஆனா நான்தான்னு அண்ணனுக்குத் தெரியக்கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா வேணாம்பாரு. செத்தாலும் வேணாம்பாரு."

அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அண்ணன்தான். தம்பிக்குப் பங்கிலேயே ஒரு பெண்ணைப் பார்த்து வாக்கும் கொடுத்துவிட்டார். தம்பியோ சிதம்பரத்தில் சிவகாமி என்ற பெண்ணைக் காதலித்து, கோயிலில் தாலி கட்டிக்கொண்டார். அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. "அவன் வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சேன்னா நான் எங்க அப்பனுக்குப் பொறக்கல" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் வந்தார். தம்பி கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக் பெட்டி பிரிக்காமலே திரும்பி வருமாம்.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். "கொடுக்கிறவர் சம்மதிக்காம பேர் வெளிய போகக்கூடாது. வாங்கறவர் யாரா இருந்தாலும் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அப்புறம் என்ன? டெஸ்ட்டுக்கு அனுப்பு" என்றார். அத்தனை சோதனையிலும் ஆரோக்கியதாஸ் தேறினார்.

கொடுக்க வேண்டிய நாள் வந்தது. அண்ணனுக்குக் குடலைக் கழுவி, மேலே தயாராகப் படுக்க வைத்தாகிவிட்டது. கீழே தம்பிக்கு வரவில்லை. உள்ளே போவார், வியர்த்துப்போய் வெளியே வருவார், தலையை ஆட்டுவார். சிரிக்காதீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலேயிருந்து ஆள் மேல் ஆள் வந்து கேட்கிறார்கள். டாக்டரின் கத்தல் படிக்கட்டு வரை கேட்கிறது.

"அண்ணனுக்குன்னு நெனச்சாலே வயிறு கட்டிக்குது மேடம். சின்னதுல இருந்தே அப்படித்தான். அவரு பரீட்சைப் பேப்பர வாங்கிப் பாக்கும்போதும் இதே கதிதான்."

மருந்து கொடுத்து வரவழைக்கலாம் என்றாள் ஒரு நர்ஸ். அந்த மருந்தும் சேர்ந்து அண்ணனுக்குள் போகும், வேண்டாம் என்றேன். சூடாக டீ வாங்கிக் கொடுத்து, தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நடக்கவிட்டேன். அண்ணனைப் பற்றிப் பேசவே இல்லை. வேனைப் பற்றிக் கேட்டேன். டீசலில் ஆரம்பித்து, பரங்கிப்பேட்டை ரோட்டின் பள்ளங்களைத் திட்டித் தீர்த்தார். ஒரு திட்டின் நடுவிலேயே "மேடம், இருங்க" என்று ஓடினார். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் இருந்த பெருமை இருக்கிறதே, பிள்ளை பிறந்த வீட்டில்தான் அதைப் பார்க்க முடியும்.

அண்ணன் பிழைத்தார். பேதி நின்றது. கண் முழித்து உட்கார்ந்ததும், "எந்தப் புண்ணியவான் வயித்துல இருந்ததோ, நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனிதான் என் வேலை. கிருமிகள் குடியேறிவிட்டால் போதாது, அவை தங்க வேண்டும், அதற்குச் சாப்பாடு வேண்டும். "வந்திருக்கிறது ஒரு வீட்டு ஜனங்க. அந்த வீட்ல என்ன தின்னு பழகுச்சுங்களோ அதைப் போடு. உங்க கேண்டீன் ரசஞ்சோத்துல பட்டினி கிடந்து போயிடும்" என்றார் டாக்டர். நார்ச்சத்து வேண்டும் என்பது வரைக்கும்தான் எங்களுக்கு உறுதி. கொடுத்தவர் வீட்டுச் சாப்பாடே வேண்டும் என்பது அவருடைய எண்ணம். சரியா தப்பா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. ஆரோக்கியதாஸிடம் வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டேன். கீரை, பயறு, காய், தினமும் காலையில் இட்லிக்கோ பொங்கலுக்கோ கத்தரிக்காய் கொத்சு. மனைவி சிதம்பரத்துக்காரி அல்லவா, கொத்சு இல்லாமல் விடியாது.

மறுநாள் சிவகாமியே வந்துவிட்டாள். கையில் தூக்குச்சட்டி. "நானே செஞ்சு தரேன் மேடம். கேண்டீன்ல செஞ்சதுன்னு சொல்லிக் குடுங்க. நான் அவரு முன்னாடி வரல." முதலில் கஞ்சி, பிறகு குழைய வேகவைத்த பயறு, பிறகு கீரை. வயிறு தாங்கத் தாங்க ஏற்றினோம். கொத்சுக்கு மட்டும் நான் அவளோடு மல்லுக்கு நின்றேன்.

"மிளகாய் பேருக்குப் போடும்மா. புண்ணான குடல்."

"காரம் இல்லாம அது என்னா மேடம் கொத்சு? நோயாளிக்குக் குடுக்கற மாதிரி இருக்கும்."

"நோயாளிக்குத்தான் குடுக்கறோம்!"

முனகிக்கொண்டே போனாள். காரத்தைக் குறைத்து, கொத்தமல்லி விதையைக் கொஞ்சம் கூட வறுத்துப் பொடித்து, ருசியை எப்படியோ சரிக்கட்டிவிட்டாள். தினமும் காலையில் என் அறையில் தூக்கை வைத்துவிட்டு, காலித் தூக்கை எடுத்துத் திறந்து பார்ப்பாள். வழித்துத் தின்றிருந்தால் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

சவரிமுத்து அந்தக் கொத்சுக்கு அடிமையாகிவிட்டார். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஓ.டி. ஆள், கத்தரிக்காய்க்காக மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் கடலூரிலிருந்து ரீத்தாம்மா வந்ததும், "இந்தா, உனக்குக் கொஞ்சம் வச்சிருக்கேன், தின்னு பாரு. நீயும் முப்பது வருஷமா சமைக்கிறியே" என்பார். அந்தம்மாவும் தின்றுவிட்டு, "கேண்டீன்காரி கைல என்னமோ இருக்கு மேடம்" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சிவகாமி என்னிடம் கேட்டாள். "ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன் மேடம். பேச மாட்டேன்." எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. கேண்டீன் ஆள் மாதிரி தூக்கை நீயே கொண்டுபோய் வை என்றேன். நானும் கூடவே போனேன். ரீத்தாம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். டாக்டரும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீதானாம்மா அந்தக் கொத்சு?"

"ஆமாங்க மாமா."

எங்கள் பக்கம் வயசில் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுவது சகஜம். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தாங்க."

அவர் கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கும் இந்த ஊர்ல ஒருத்தன் இருக்கான். நல்லா இருக்கானா என்னான்னே தெரியல."

சிவகாமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்வேன்! வாயைத் திறக்க அவளுக்கு என் கண்ணசைவு போதும். புருஷனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள், எனக்குக் கட்டுப்பட்டிருக்கிறாள். சொல்லட்டுமா என்று கேட்கிறாள்.

எனக்குள் என்னென்ன ஓடியது தெரியுமா? கொடுத்தவர் சம்மதம் இல்லை. டாக்டர் இல்லை. இந்த மனுஷன் கோபக்காரர். தம்பி வயிற்றிலிருந்து வந்தது என்று தெரிந்து அருவருத்து வாந்தி எடுத்தால்? சாப்பாட்டை உதறினால்? கிருமிகள் இன்னும் சரியாக ஊன்றவில்லை. இத்தனை பாடுபட்டுப் பிழைக்க வைத்த உயிர். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது பக்குவமாகச் சொல்லலாம். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஓடியது. எல்லாமே சரியான காரணங்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு கமிட்டி போட்டு விசாரித்தாலும் என்மேல் குற்றம் சொல்ல முடியாது.

"ஐயா, மாத்திரை போடற நேரமாச்சு" என்றேன்.

அவர் சுவரிலிருந்து பார்வையை எடுத்தார். சிவகாமியைப் பார்த்து, "நல்லா இரும்மா. உன் கை நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மாத்திரைக்குக் கையை நீட்டினார். அவள் குனிந்து அவர் காலடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நின்று, "அவராவே கேட்டாரே மேடம்" என்றாள்.

"அப்புறம் சொல்லிக்கலாம்மா. உடம்பு தேறட்டும்."

அப்புறம் என்பது வரவே இல்லை. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் பங்கு ஆட்கள் யாராவது கூட வந்தார்கள். ஒரு தடவை நான் லீவில் இருந்தேன். ஆரோக்கியதாஸிடம் சம்மதம் கேட்டபோது, "இப்ப வேணாம் மேடம், சந்தோஷமா இருக்காரு, கெடுக்க வேணாம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். பிறகு ஓய்வு பெற்றேன். வயிறு கடைசி வரை அவருக்குத் தொந்தரவு தரவில்லை. நெஞ்சுதான் ஒரு நாள் காலையில் நின்றுபோனது. ரீத்தாம்மாவே எனக்கு ஃபோன் செய்து அழுதார். சாயங்காலம் ஒரே பஸ்ஸில் கடலூர் திரும்பிய சிநேகிதம் எங்களுக்குள்.

ஓ.டி.க்கு நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, எல்லாரும் கல்லறையிலிருந்து திரும்பியிருந்தார்கள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. சொந்தக்காரர்கள்தான் சமைத்து எடுத்துவர வேண்டும். ரீத்தாம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார்கள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சிவகாமி பாத்திரங்களோடு இறங்கினாள். ஆரோக்கியதாஸ் கல்லறை வரை வந்ததோடு திரும்பிவிடாமல் வீட்டுக்கும் வந்திருந்தார். ஆனால் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

சிவகாமி யாரிடமும் எதுவும் கேட்காமல் உள்ளே வந்து தட்டுகளில் இட்லி வைத்தாள். "ஒரு வாயாவது சாப்புடுங்கக்கா" என்று ரீத்தாம்மாவின் வாயில் ஊட்டினாள். அந்தம்மா விழுங்கினார். விழுங்கியவர் அடுத்த வாயைக் கையால் தடுத்தார். தட்டைப் பார்த்தார். சிவகாமியைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"மேடம், இது உங்க கேண்டீன் கொத்சாச்சே."

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

"வீட்டுல எத்தன தடவ செஞ்சேன் தெரியுமா? 'இது அது இல்லடி'ன்னு தள்ளி வச்சிடுவாரு. போன வாரங்கூட, 'சிதம்பரம் போயி அந்தக் கேண்டீன் பொண்ணப் பாத்துட்டு வருவமா'ன்னு கேட்டாரு. காலு வலிக்குதுன்னு நான்தான் இன்னொரு நாளு பாத்துக்கலாம்னேன். இது எப்படி இங்க? இவ யாரு மேடம்?"

தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். யார் கொடுத்தது, யார் சமைத்தது, சுவரைப் பார்த்து அவர் கேட்டது, நான் மாத்திரை நேரம் என்றது. ரீத்தாம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்த மேடம்" என்றார். "அவரே நடந்து போயி தம்பி வாசல்ல உக்காந்து கேட்டு வாங்கித் தின்னிருப்பாரே." பிறகு கேட் பக்கம் திரும்பி, "ஏன்யா, அங்கயே நிக்கிற? உள்ள வா. வந்து உங்க அண்ணன் படத்துக்கிட்ட உக்காரு" என்றார். அதைக் கேட்டதும் ஆரோக்கியதாஸ் குழந்தை மாதிரி அழுதார். உள்ளே வந்தார்.

இதிலிருந்து என்ன பாடம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளப் பேனாவைத் தூக்குவது தெரிகிறது. விதியை மீறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சம்மதம் வாங்காமல் பெயரைச் சொல்லாதீர்கள். ஆனால் சம்மதத்தைப் போய்க் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள். நோயாளி அவராகவே கதவைத் திறக்கும்போது மாத்திரையை நீட்டாதீர்கள். கொஞ்சம் உட்காருங்கள், "யாருங்க அவரு?" என்று ஒரு கேள்வியாவது கேளுங்கள். அதற்கு எந்த விதியும் தடை இல்லை. எனக்கு அந்தக் கேள்வி அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவரே மீதியைச் சொல்லியிருப்பார்.

அன்றைக்குச் சிவகாமி எனக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வாங்கிச் சாப்பிட்டேன். அந்தக் கொத்சில் காரமே இல்லை. அவருக்காக ஆஸ்பத்திரியில் நான் குறைக்கச் சொன்ன அதே அளவு.